மலைநாட்டு வீடுகளில் டவர் ஸ்பீக்கர்கள்: வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலை_ரசிகன்

கொழும்புக் கடைகளில் கேட்டுப் பார்த்து வாங்கும், தரையில் நேரே நிற்கும் டவர் ஸ்பீக்கர்கள் மலைநாட்டு வீடுகளுக்கு வந்ததும் வேறு மாதிரி ஒலிக்கின்றன என்று இங்கே பலரும் அவ்வப்போது எழுதியிருக்கிறீர்கள். அவற்றை ஒரே இழையில் சேர்த்து வைத்தால் இனி வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். ஒரு வேண்டுகோள் மட்டும்: உங்கள் வீட்டில் உண்மையாக ஓடிக்கொண்டிருக்கும் செட்டைப் பற்றி எழுதுங்கள், அறையின் நீள அகலம், தரை, சுவர், கூரை ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை இல்லாமல் "நல்லது", "சுமார்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

என்னிடம் இருப்பது டாலி ஒபரொன் 5. டென்மார்க் நிறுவனமான டாலி 2018இல் கொண்டுவந்த வரிசை இது. 83 சென்ரிமீற்றர் உயரம், ஒவ்வொன்றும் பதினொரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தாழ்ந்த ஒலிக்கு ஐந்தேகால் அங்குல வூபர் இரண்டு, உயர்ந்த ஒலிக்கு 29 மில்லிமீற்றர் துணிக் குமிழ் ட்வீட்டர் ஒன்று. டவர்களில் இது சிறிய உருவம். எங்கள் கூடம் 14 அடிக்கு 11 அடி. சிவப்புச் சீமெந்துத் தரை, கல் சுவர், தகரக் கூரைக்குக் கீழே பலகைச் சீலிங். அம்ப்ளிபயர் யமஹா ஏ-எஸ் 301, 60 வொட்.

கடையில் கேட்டபோது பேஸ் எனும் தாழ்ந்த ஒலி சற்றுக் குறைவாகவே தோன்றியது. வீட்டிலோ அதே ஸ்பீக்கர் பேஸை அள்ளிக் கொட்டியது. கடையின் அறை பெரியது, கம்பளம் விரித்தது, நாலாபுறமும் பொருள்கள் அடுக்கியது. எங்கள் கூடத்தில் சீமெந்தும் கல்லும்தான் இருக்கின்றன. தாழ்ந்த ஒலி எதிலும் உறிஞ்சப்படாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. 14 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 40 ஹேர்ட்ஸிலும் 11 அடி அகலத்துக்கு 51 ஹேர்ட்ஸிலும் அறையே சேர்ந்து முழங்கும் என்று கணக்குச் சொல்கிறது. ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். யாரும் தம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். 39 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் என்று நிறுவனம் குறிப்பிடும் ஸ்பீக்கர் இந்த இரண்டு எண்களையும் சரியாகத் தட்டி எழுப்பிவிடுகிறது.

தீர்வு இடம் மாற்றுவதில்தான் இருந்தது. நான் சோதனைக்கு எடுத்துக்கொள்வது தவில். பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபோது தொப்பிப் பக்கத்தில் குச்சி விழும் அடி ஊதிப் பெருத்து, வலந்தலையில் விரற்கூடு படும் அடியை மூடிவிட்டது. இரண்டடிக்குமேல் முன்னே இழுத்ததும் இரண்டு பக்கமும் பிரிந்தன. குச்சி தோலில் பட்டுத் துள்ளுவதும், கூட்டின் உலர்ந்த சத்தமும் தனித்தனியே கேட்டன. நாதஸ்வரம் எனக்கு இந்த ஸ்பீக்கரில் மிகவும் பிடிக்கிறது. காது கூசாமல், ஆனால் அந்தக் கம்பீரம் குறையாமல் வருகிறது. டாலி தன் ஸ்பீக்கர்களைக் கேட்பவரை நோக்கித் திருப்பாமல் நேராக வைக்கச் சொல்கிறது. எங்கள் அறையிலும் அதுவே சரியாக இருந்தது.

குறை என்றால், சத்தத்தை நன்றாக ஏற்றும்போது இந்தச் சிறிய வூபர்கள் நெருக்கடிக்குள் போவது தெரிகிறது. திருவிழாவில் கேட்ட தப்பு மேளத்தின் அந்த நெஞ்சில் விழும் அடியை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்புத்தளை_பங்களா

நல்ல இழை, தம்பி. எனது அனுபவம் உங்களுடையதற்கு நேர் எதிரான வீட்டிலிருந்து வருகிறது, ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றின் முன்பகுதி. கூடம் 20 அடிக்கு 16 அடி, உயரமான பலகைச் சீலிங், ஒரு பக்கம் கணப்படுப்பு, தரை முழுவதும் பழைய பலகை. ஸ்பீக்கர் கிளிப்ஷ் ஆர்.பி. 8000எப். போல் கிளிப்ஷ் 1946இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் இன்றைக்கும் ஹோர்ன் முறையை விடவில்லை. ட்வீட்டரின் முன்னே விரிந்த அந்தக் குழல்தான் இதன் அடையாளம். எட்டங்குல வூபர் இரண்டு. கொடுக்கும் வொட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைக் காட்டும் உணர்திறன் 98 டெசிபெல் என்று நிறுவனம் சொல்கிறது. உங்களுடைய டாலி 88 என்பதால், தாளில் உள்ள கணக்குப்படி அதே சத்தத்துக்கு எனக்குப் பத்தில் ஒரு பங்கு வொட் போதும். நடைமுறையில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது என்றாலும், என் சிறிய அம்ப்ளிபயரின் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டியதே கிடையாது.

தப்பு மேளத்தின் அடி நெஞ்சில் விழ வேண்டும் என்றீர்கள். இது அதைச் செய்கிறது. காமன் கூத்தில் பதிவு செய்த மேளத்தை இதில் போட்டால், அடிக்கும் கை தோலை விட்டு எழும் கணம்கூடக் கேட்கிறது. ஹோர்னின் பலம் அந்தத் திடுக்கென்ற எழுச்சியில் இருக்கிறது.

ஆனால் பலகைத் தரை எங்களை நிறையச் சிரமப்படுத்தியது. ஸ்பீக்கரோடு வரும் பாதங்களை அப்படியே பலகைமேல் ஊன்றினால், கீழே வெற்றிடமாக இருக்கும் தரை முழுவதும் சேர்ந்து அதிர்கிறது. கண்ணாடி அலுமாரியில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்ததோடு, சோபாவின் காலில் கை வைத்தால் வீணையின் மந்திரத் தந்தியை விரலால் உணர முடிந்தது. கருங்கல் வேலை செய்பவரிடம் இரண்டங்குலத் தடிப்பில் இரண்டு பலகை வெட்டுவித்து, அவற்றுக்குக் கீழே தடித்த ரப்பர் துண்டுகளை வைத்து, அதன்மேல் ஸ்பீக்கரை நிறுத்தினோம். பேஸ் குறைந்தது போல முதலில் தோன்றும். பொறுமையாகக் கேட்டால் குறைந்தது தரையின் முழக்கம் மட்டுமே என்பது விளங்கும். கீழேயுள்ள தாங்குமரங்களுக்கு நேர்மேலே ஸ்பீக்கர் வரும்படி வைப்பதும் மிகவும் உதவுகிறது. ஆணி வரிசையைப் பார்த்தால் அந்த மரம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்று: வெறுமையான அறையில் இந்த ஹோர்ன் உங்களைக் களைப்படையச் செய்யும். தடித்த திரைச்சீலையும் தரையில் ஒரு கம்பளமும் வந்த பிறகே பெண் குரல்களை மணிக்கணக்கில் கேட்க முடிந்தது. சீமெந்துச் சுவர் உள்ள சிறிய வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லிந்துலை_ஆசிரியை

இரண்டு ஐயாமாரும் எழுதியதை ஆர்வத்தோடு வாசித்தேன். 14 அடிக் கூடமும் பங்களாவும் எங்களில் பலருக்கு இல்லை என்பதை மரியாதையோடு நினைவூட்ட விரும்புகிறேன். நான் பிறந்து வளர்ந்து இன்றும் அம்மாவோடு இருப்பது தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில். முன்னறை ஏறக்குறைய 10 அடிக்கு 10 அடி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. தலைக்குமேல் தகரம்.

பாட்டை நன்றாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை அறையின் அளவைப் பார்த்து வருவதில்லை. தரையில் இடமே இல்லாத வீட்டில் ஒரு மேசையும் அதன்மேல் இரண்டு பெட்டியும் வைப்பதைவிட, ஒரு சதுர அடியில் நின்றுவிடும் ஒடுக்கமான டவர் வசதி என்று நினைக்கிறேன். ஹட்டனில் ஒருவர் தம்மிடமுள்ள சிறிய டவர் சோடி ஒன்றைக் கைமாற்ற விரும்புகிறார். இப்படிப்பட்ட அறையில், குறைந்த சத்தத்தில், அது பொருள் உள்ள வேலையா? அயல் வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் கேட்க வழி உண்டா? வாங்காதீர்கள் என்பதுதான் பதில் என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

தலவாக்கலை_ரசிகன்

டீச்சர், நேராகவே பதில் சொல்கிறேன். 10 அடிக்கு 10 அடி என்பது கடினமான அளவு. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும்போது இரண்டு திசையிலும் ஒரே 56 ஹேர்ட்ஸ் எழுந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ஒரு பேஸ் சுரம் மட்டும் மற்றவற்றை மிதித்துக்கொண்டு கேட்கும்.

இருந்தாலும் வழி இருக்கிறது. முதலாவது, ஸ்பீக்கர்களை மூலைகளில் வைக்காதீர்கள். ஒவ்வொரு சுவரும் தாழ்ந்த ஒலியைத் தன் பங்குக்கு உயர்த்தும். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்துவிடுகின்றன. இரண்டாவது, நீங்கள் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அறையின் முழக்கம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில் உங்கள் காது இருக்கும். நாற்காலியை இரண்டடி முன்னே இழுத்துப் பாருங்கள். செலவில்லாத திருத்தங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது. மூன்றாவது, பின்புறம் காற்றுத் துளை உள்ள டவர் என்றால் அந்தத் துளையை ஸ்பொஞ்சால் அடைக்கலாம். சில நிறுவனங்கள் இதற்கான அடைப்பான்களைப் பெட்டியிலேயே போட்டுத் தருகின்றன. பேஸின் அளவு குறைந்து, தெளிவு கூடும்.

குறைந்த சத்தம் பற்றி: மனிதக் காது குறைந்த சத்தத்தில் பேஸை மற்றச் சுரங்களைவிடக் குறைவாகவே கேட்கிறது. பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியது இதைத்தான். ஆகவே இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது பாட்டு மெலிந்து தெரிவது ஸ்பீக்கரின் குற்றம் ஆகாது. அம்ப்ளிபயரில் இந்தக் குறையை ஈடுசெய்யும் லவுட்னஸ் குமிழ் இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். என் யமஹாவில் அது சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய குமிழாக இருப்பதால், இரவு நேரங்களில் அதைத் தொடாமல் நான் கேட்பதே இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தூக்கத்தைப் பொறுத்தவரை, பொதுச்சுவரில் ஸ்பீக்கரைச் சாய்த்து வைக்காமல், அதற்கு எதிர்ப்பக்கச் சுவரில் நிறுத்துங்கள். அப்படியும் தாழ்ந்த ஒலி சுவரைக் கடக்கவே செய்யும்; இரவு எட்டு மணிக்குப் பிறகு ஹெட்போன் தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

கம்பளை_ரேடியோ_வேலை

நான் ஸ்பீக்கர், அம்ப்ளிபயர் திருத்துபவன். டவுனில் சிறிய கடை. மேசைக்கு வரும் செட்டுகளில் கண்டதை எழுதுகிறேன். எந்தக் கம்பனியின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை, ஏனென்றால் ஈரலிப்பு எந்தப் பெயரையும் பார்ப்பதில்லை.

மலையகத்தில் ஸ்பீக்கரைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கு. தென்மேல் பருவத்தில் ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமும், வடகீழ்ப் பருவத்தில் பதுளைப் பக்கமும் வீட்டுக்குள்ளேயே சுவர் வியர்க்கும். டவர் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையில் செய்தவை, மேலே ஒட்டியிருப்பது மரத் தோற்றமுள்ள வினைல் தாள். தரையைக் கழுவித் துடைக்கும்போது அடிப்பலகையின் ஓரத்தில் தண்ணீர் ஏறினால் அது பிட்டுப் போலப் பொருமி உதிர ஆரம்பிக்கும். பிறகு எந்த மருந்தாலும் பழைய நிலைக்கு வராது. கூரிய பாதங்களைப் பூட்டித் தரையிலிருந்து ஓரங்குலமாவது உயர்த்துவதன் முதல் பயன், எனக்கு, இதுதான். சிவப்புச் சீமெந்துத் தரை கீறுப்படாமல் ஒவ்வொரு முனைக்கும் கீழே ஒரு பழைய தடித்த ஐந்து ரூபா நாணயம் வையுங்கள். அதற்கென்று விலைகொடுத்து வாங்கும் தட்டுகளைவிட அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

அடுத்தது பூஞ்சணம். முன்துணியில் வெள்ளைப் புள்ளி கண்டால் துணியைக் கழற்றி வெயிலில் போடுங்கள். காகிதக் கூம்பில் கண்டால் உலர்ந்த மென்மையான தூரிகையால் வெளிநோக்கித் துடையுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

எண்பதுகளில் வந்த பெரிய மூவழி ஸ்பீக்கர்கள் இன்னமும் தோட்டப்புறங்களில் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கூம்பு ஓரம் ஸ்பொஞ்சு. அது காற்றின் ஈரலிப்பிலேயே காலப்போக்கில் பிசுபிசுத்து, விரலால் தொட்டால் கரியாக உதிரும். கூம்பு நல்ல நிலையில் இருந்தால் ஓரத்தை மட்டும் புதிதாக ஒட்டலாம். மெல்லப் பசை பூசி, கூம்பு நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு பக்கமும் அமுக்கிப் பார்த்து ஒட்ட வேண்டிய பொறுமையான வேலை அது. ரப்பர் ஓரமுள்ளவை நெடுங்காலம் நிலைக்கும். அதே செட்டுகளில் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிரொஸ்ஓவரில் உள்ள மின்தேக்கிகளும் வயதாகிப் பெறுமதி மாறியிருக்கும். ட்வீட்டர் மங்கிவிட்டது என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு நான் மாற்றிக் கொடுப்பது ட்வீட்டரை அல்ல, இந்தச் சிறிய பாகத்தை.

கொழும்பிலிருந்து புதிதாகக் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சூடும் ஈரமும் உள்ள காற்றோடு பொலித்தீனில் கட்டிய பெட்டி, சில மணி நேரத்தில் நுவரெலியாக் குளிருக்கு ஏறுகிறது. உள்ளே அடைபட்ட ஈரம் துளித்துளியாகப் படியும். வந்த இரவே பாட்டுக் கேட்கும் ஆவல் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் பொலித்தீனைப் பிரித்து, முக்கியமாக அம்ப்ளிபயரை, ஒரு நாள் அப்படியே அறையில் விட்டுவிட்டுப் பிறகு மின்னிணைப்புக் கொடுங்கள்.

காற்றுத் துளையைப் பற்றித் தலவாக்கலைத் தம்பி எழுதினார். அதில் மண்கூடு கட்டும் குளவி நுழைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு செட்டில் துளையின் வாயைச் சுற்றி விரற்கடைத் தடிப்பில் மண் பூசி, உள்ளே அறை அறையாகக் கட்டி வைத்திருந்தது. அந்த ஸ்பீக்கரில் மட்டும் பேஸ் குறைந்து, பலமான அடிக்குப் பின் ஒரு புஸ்ஸென்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. மெல்லிய நைலோன் வலையைத் துளையின் உட்புறமாக, இறுக்கமில்லாமல் ஒட்டிவிட்டால் போதும், பல்லியும் போகாது.

மின்னலைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். அம்ப்ளிபயரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் எரிந்தால் நேரோட்டம் பாய்ந்து வூபரின் சுருளையும் எரித்துவிடும்.

பதுளை_இரண்டடி

என் கருத்து மாறுபட்டது. சிறிய அறைகளுக்கு டவரே தேவையில்லை. ஸ்டாண்டில் வைக்கும் சிறிய சோடியும், தேவைப்பட்டால் பேஸுக்கு மட்டுமான ஒரு சப்வூபர் பெட்டியும் இருந்தால், பேஸ் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் குரல் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். டவரில் இரண்டும் ஒரே பெட்டியில் கட்டுண்டிருக்கின்றன. குரலுக்குச் சரியான இடம் பேஸுக்குப் பிழையாக அமைந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஒலி அளவுமானியை வைத்துப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்தேன். ஸ்பீக்கருக்கு ஆசைப்பட்டு அறையின் அளவை மறந்துவிடுகிறோம் என்பதே என் கவலை.

அப்புத்தளை_பங்களா

பதுளை நண்பரின் தர்க்கம் சரியானது, பேஸைப் பொறுத்தவரை. ஆனால் ஸ்டாண்டும் டவர் அளவுக்குத்தான் தரையைப் பிடிக்கும். சப்வூபரை மற்ற இரண்டோடும் இசைவாகச் சேர்ப்பது எளிய வேலையல்ல. பெரும்பாலான வீடுகளில் அது தனியாக முனகிக்கொண்டிருப்பதையே கேட்கிறேன். நல்ல டவரில் ஆணின் குரல் மார்பிலிருந்து புறப்படுவது போலத் தொடர்ச்சியாக வரும். எனக்கு அந்தத் தொடர்ச்சிதான் முக்கியம். இதில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

நுவரெலியா_குளிர்

கே.இ.எப். கியூ 550 வைத்திருக்கிறேன். அறை 13 அடிக்கு 12 அடி, டைல் தரை, நடுவில் கம்பளம்.

இந்த நிறுவனத்தை ரேமண்ட் குக் 1961இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தொடங்கினார். வூபரின் நடுவிலேயே ட்வீட்டரைப் பொருத்தும் யூனி-கியூ முறையை 1988இலிருந்து செய்து வருகிறார்கள். பயன் என்னவென்றால், உயர்ந்த ஒலியும் நடு ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதால், நின்றாலும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தாலும் குரலின் நிறம் பெரிதாக மாறுவதில்லை. நாங்கள் குடும்பத்தோடு கேட்கும் வீடு. ஒருவர் மட்டும் நடு நாற்காலியில் அமரும் ஏற்பாடு எங்களுக்கு உதவாது. கூட்டுவழிபாட்டுப் பாடல்களில் பின்னால் பாடுபவர்கள் இடமிருந்து வலமாக வரிசையாக நிற்பது தெளிவாகத் தெரிகிறது. கம்பளை ஐயா சொன்ன குளவித் தொல்லையும் இதில் இல்லை, ஏனெனில் காற்றுத் துளைக்குப் பதிலாகச் சுருள் இல்லாத இரண்டு கூம்புகள் பெட்டிக்குள் உள்ள காற்றின் தள்ளலில் இயங்குகின்றன.

என் மனத்தில் நெடுநாள் இருந்த கேள்வி ஒன்று உண்டு: கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், காற்று மெலிந்த ஊரில், ஸ்பீக்கர் வேறுவிதமாக ஒலிக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் கொஞ்சம் ஈடு செய்தாலும் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கூம்பு அதே வேகத்தில் அசைந்தாலும் தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருப்பதால் சத்தம் ஏறக்குறைய 1.5 டெசிபெல் இறங்கும். அதை ஈடுசெய்ய நாற்பது வீதம் கூடுதலான வொட் வேண்டும். குமிழைச் சற்றுத் திருப்பினால் முடிகிற வேலை. ஒலியின் வேகமோ வெப்பநிலையைப் பொறுத்ததே அன்றி அழுத்தத்தைப் பொறுத்ததல்ல. ஆகவே காற்றுத் துளையுள்ள பெட்டிகளின் சுருதி இங்கே வந்ததால் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. முற்றாக மூடிய பெட்டியில் மட்டும் உள்ளிருக்கும் காற்று சற்று இளகிய ஸ்பிரிங்காக நடந்துகொள்ளும். மலைக்காற்றில் பேஸ் எடுபடாது என்று யாராவது சொன்னால், காரணத்தை அறையில் தேடச் சொல்லுங்கள்.

இந்த ஸ்பீக்கரில் எனக்குள்ள மனக்குறை, இதன் பேஸ் அடக்கமானது என்பதே. தவிலின் தெளிவு அருமை, கனம் போதாது. சிறிய அறைக்கு அதுவே நன்மையாகவும் இருக்கலாம் என்பதால் லிந்துலை டீச்சரின் கவனத்துக்கு இதைச் சொல்கிறேன்.

மஸ்கெலியா_மழை

தகரக் கூரையைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. எங்கள் பக்கம் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது; அந்த நேரத்தில் எந்த விலை ஸ்பீக்கரும் ஒன்றுதான். சத்தத்தை ஏற்றி மழையை வெல்லப் பார்த்தால் சிறிய அம்ப்ளிபயர் தன் எல்லையைத் தாண்டி ஒலியலையின் தலையை வெட்டும், ட்வீட்டர் எரியும். தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, இரண்டுக்கும் நடுவே பஞ்சுப் பாய் விரித்த பிறகு எங்கள் வீட்டில் பெருமழையைத் தவிர மற்ற மழைகளில் கேட்க முடிகிறது. குளிரும் குறைந்திருக்கிறது. ஸ்பீக்கரை மாற்ற நினைத்து வைத்திருந்த பணத்தைச் சீலிங்குக்குப் போட்டோம். என் வீட்டாருக்கும் எனக்கும் அதில் முழுத் திருப்தி.

மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தோட்டங்களில் இருப்பவர்கள் அம்ப்ளிபயருக்கு ஒரு ஸ்டெபிலைசர் போடுவது நல்லது.

லிந்துலை_ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நாற்காலியை முன்னே இழுப்பதை எங்கள் பழைய ரேடியோ செட்டிலேயே முயன்று பார்த்தேன். வித்தியாசம் அம்மாவுக்கும் தெரிந்தது. டவர் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். சிறியது, காற்றுத் துளையை அடைத்துக் கேட்கும் நோக்கத்தோடு. பதுளை நண்பர் கவலைப்பட வேண்டாம், அறையின் அளவு எங்களுக்கு எந்நேரமும் நினைவில் இருக்கிறது.

ஹட்டனுக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். பாவித்த சோடியில் எதைப் பார்க்க வேண்டும், கம்பளை ஐயா? வயருக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமா?

கம்பளை_ரேடியோ_வேலை

வயருக்கு ஒதுக்க வேண்டாம், மகள். ஹார்ட்வெயர் கடையில் வீட்டு வேலைக்கு விற்கும் 7/0.67 செப்பு வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் இருக்கும். உங்கள் அறையின் தூரத்துக்கு அது தாராளம். சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூட்டுங்கள்; ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போகும்.

பார்க்கும்போது முதலில் முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். கூம்பின் நடுக் குமிழைச் சுற்றி நான்கு விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அமுக்கி விடுங்கள்; காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மணல் உரசுவது போலக் கேட்டால் சுருள் எரிந்திருக்கிறது அல்லது துருப் பிடித்திருக்கிறது. ட்வீட்டரைத் தொட வேண்டாம். குறைந்த சத்தத்தில் ஒரு பாட்டைப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் ட்வீட்டரிலும் தனித்தனியே காதை வைத்துப் பாருங்கள். ஓரம் ரப்பரா ஸ்பொஞ்சா என்று பாருங்கள். துளைக்குள் டோர்ச் அடியுங்கள், மூக்கையும் வைத்துப் பாருங்கள். புளித்த நாற்றம் வந்தால் உள்ளேயுள்ள பஞ்சில் பூஞ்சணம் இருக்கிறது. கடைசியாக ஸ்பீக்கரைச் சாய்த்து அடிப்பலகையின் நான்கு ஓரத்திலும் விரலை ஓட்டுங்கள். எங்காவது பொருமியிருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் அந்தச் சோடி வேண்டாம். நேராக இருந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள்; வழியில் கடையில் இறக்கினால் கிரொஸ்ஓவரையும் திறந்து பார்த்துத் தருகிறேன்.